அடுப்பு மேடையில் ஒரு லேப்டாப்

ஊஊஊங்!

பக்கத்துத் தொழிற்சாலையின் சங்கு அலறியது. சுவரில் சாய்ந்திருந்த சசிரேகா துள்ளி எழுந்தாள். செருப்பைத் தேடி வாசல்வரை ஓடினாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவளை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் இனி வராது.

மெல்லத் திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் தங்கை கவியா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா வேலை செய்த சார்ஜர் கம்பெனியை மூடி ஆறு மாதம் ஆகிறது. பென்னலூரில் அவர்கள் தெருவிலேயே இன்னும் சில அக்காக்கள் இப்படித்தான். சங்கு ஊதினால் எழுந்துகொள்வார்கள். பிறகு உட்கார்ந்துவிடுவார்கள்.

நாளைக் காலை ஒரகடத்தில் ஒரு புதிய கம்பெனியில் இன்டர்வியூ. முன்பு வேலை செய்ததற்குச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

சான்றிதழ் இருக்கிறது. ஆனால் லேப்டாப்புக்குள் இருக்கிறது. கம்பெனியை மூடிய அன்று, அவசரத்தில் எல்லோருக்கும் ஒரே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா தன்னுடையதை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு பென்டிரைவை அடுத்தவளுக்குக் கொடுத்தாள். அது கை மாறி மாறி எங்கே போனதென்று இப்போது யாருக்கும் தெரியாது. அன்று மூடிய லேப்டாப்பை இன்றுதான் திறந்தாள்.

பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

காலையிலேயே இருவரும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். கடைக்கார மாரிராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

“அரசாங்கம் குடுத்த இலவச லேப்டாப்பா? இதுல லினக்ஸ்லா போட்டிருக்கு! நமக்கு விண்டோஸ்தான் தெரியும். லினக்ஸ் தெரிஞ்ச பையன் ஊருக்குப் போயிருக்கான். திங்கக்கிழமைதான் வருவான்.”

“நாளைக்கே வேணுமேண்ணா!”

“எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுத் தரவா?”

“சான்றிதழ்?”

“அதுவும் போயிரும்லா. சரி, என்ன பாஸ்வேர்டு வச்சிருந்திய?”

“கம்பெனியில டெஸ்டிங் மெஷினுக்கு டெய்லி போடறதையே இதுக்கும் வெச்சேன்.”

“அது என்ன?”

“அதுதாண்ணா மறந்துபோச்சு.”

மாரிராஜ் தலையைச் சொறிந்தார். லேப்டாப்பை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அக்கா ஏதேதோ அடித்துப் பார்த்துவிட்டாள். தன் பெயர், கவியாவின் பெயர், அம்மா செங்கமலத்தின் பெயர், கடைசியில் ஆட்டுக்குட்டி மண்ணாங்கட்டியின் பெயர்கூட. ஒவ்வொரு தடவையும் ‘தவறு’ என்றே வந்தது.

“நல்லா யோசிச்சுப் பாருக்கா.”

“யோசிக்கறதுக்கு அது இன்னா பேரா, ஊரா? எழுத்தும் நம்பரும் கலந்து கெடக்கும். ஒண்ணுக்கும் அர்த்தம் கெடையாது.” அக்கா தன் கைகளைப் பார்த்தாள். “சார்ஜர் டெஸ்ட் பண்ற லைன்ல நான்தான் ஃபாஸ்ட்டு. இப்போ இந்தக் கையை வெச்சுகினு இன்னா பண்றது?”

“வுடுடி, வேற வேலை வராமலா போயிடும்?” என்றாள் சமையலறையிலிருந்து அம்மா. அவள் குரலிலும் தெம்பு இல்லை.

சாயங்காலம் ஆனது. “வாடி, உனக்குத் தலையாவது பின்னிவுடறேன்” என்றாள் அக்கா.

பின்னும்போது அவள் கண் லேப்டாப் மீதே இருந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கவும் இல்லை.

கவியா கண்ணாடியில் பார்த்தாள். ஒரு முடி பிசிறவில்லை. இரண்டு சடையும் ஒரே அளவு.

“நீ என் தலையைப் பாக்கவே இல்லியேக்கா! எப்டிப் பின்னுனே?”

“பாக்கறதுக்கு இன்னா கீது? கை அது பாட்டுக்குப் பின்னும்.”

கவியா சட்டென்று திரும்பினாள்.

“அக்கா! மெஷின்ல பாஸ்வேர்டு எப்டிப் போடுவே? உக்காந்துகினா, நின்னுகினா?”

“நின்னுகினுதான். இடுப்பு உசரத்துல கீபோர்டு இருக்கும். கையில கிளவுஸ் வேற.”

கவியா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அடுப்பு மேடையின் ஓரத்தில், மாவுப் பாத்திரத்தை நகர்த்திவிட்டு வைத்தாள்.

“அடியே! தோசை ஊத்தற எடத்துல இன்னாடி கம்ப்யூட்டரு?”

“இது இப்போ கம்பெனிம்மா.”

“அப்போ நான் யாரு?”

“நீ கேன்டீன்!”

கிளவுஸ் வேண்டுமே! அப்பா செக்யூரிட்டி வேலைக்குப் போட்டுப் போகும் சாக்ஸ் கொடியில் தொங்கியது. அக்கா மூக்கைச் சுளித்துக்கொண்டு அதைக் கைகளில் மாட்டினாள். மெதுவாக அடித்தாள்.

தவறு.

மறுபடியும் அடித்தாள். ஒரு விரலில் இரண்டு எழுத்து விழுந்தது.

தவறு.

“வாணாண்டி. வுட்டுடு.” அக்கா மேடையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

கவியா அக்காவின் முதுகைத் தடவினாள். தான்தான் வீணாக ஆசை காட்டிவிட்டோமோ? அம்மா தோசையைத் திருப்பாமல் நின்றாள். கருகும் வாசனை வந்தது.

அப்போதுதான் கவியாவுக்கு ஒன்று தோன்றியது. அடிக்கும்போது அக்காவின் உதடுகள் முணுமுணுத்தன. அவள் ஒவ்வொரு எழுத்தாக யோசித்துக்கொண்டிருந்தாள். சடை பின்னும்போது யோசிக்கவே இல்லையே!

கவியா அக்காவின் கைகளிலிருந்து சாக்ஸை உருவி எறிந்தாள். அக்காவின் பின்னால் போய் நின்றாள். மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினாள்.

“ஊஊஊங்!”

அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“சசிரேகா!” கவியா சூப்பர்வைசர்போலக் குரலைக் கட்டையாக்கிக்கொண்டாள். “லைன் நிக்குது! இன்னா வேடிக்கை பாத்துகினு கீறே?”

“தோ சார், போட்டுட்டேன் சார்!”

பத்து விரலும் கீபோர்டில் தடதடவென்று ஓடின. என்டரைத் தட்டிவிட்டு, அடுத்த சார்ஜரை எடுக்க அக்காவின் வலது கை தானாகப் பக்கத்தில் நீண்டது. மாவுக் கரண்டிதான் கையில் கிடைத்தது.

மூவரும் லேப்டாப்பின் மேல் குனிந்தார்கள்.

திரை ஒரு கணம் இருண்டது. பிறகு நீலமாக விரிந்தது. மூலையில் ஒரு சின்னப் படம். அதன் கீழே ‘சசிரேகா – பணிச் சான்றிதழ்’.

கவியா குதித்த குதியில் மாவுப் பாத்திரம் ஆடியது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீய்ந்த தோசையைச் சுரண்டினாள்.

“எங்க உயிரையே வாங்கிடுச்சே! அப்டி இன்னாதாண்டி அந்தப் பாஸ்வேர்டு?”

அக்கா கரண்டியை மேடையில் வைத்தாள். தன் இரண்டு கைகளையும் புதிதாகப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியலம்மா. கைக்குத்தான் தெரியும்.”