மலை இல்லாத ஊர்க்காரி

தன் மலையைத் திருடியவள் என்றுதான் ராவிரி அவளை முதலில் நினைத்தான்.

அன்று காலையிலிருந்தே ஹாமில்டனில் மழை. அந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழி வகுப்புக்குத் தாமதமாக, சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றாள் ஃபெம்கே. நெதர்லாந்திலிருந்து ஒரு பருவம் மட்டும் இங்கே படிக்க வந்தவள். ஈர முடி நெற்றியில் ஒட்டியிருக்க, அந்தச் சாம்பல் நிறக் கண்கள்... அந்தக் கண்களைப் பார்த்தபிறகு யாருக்குத்தான் கோபம் வரும்? ராவிரிக்கு வந்தது.

அன்று ஒவ்வொருவரும் எழுந்து மாவோரி முறைப்படி தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். முதலில் தன் மலை, அப்புறம் தன் ஆறு, கடைசியில்தான் பெயர். ஃபெம்கேயின் ஊரிலோ மருந்துக்குக்கூட ஒரு மேடு கிடையாது. விடுதி ஜன்னலில் தினமும் தெரிகிற மலை சட்டென்று ஞாபகம் வந்தது. "பிரோங்கியா என் மலை" என்று சிரித்தபடி சொல்லிவிட்டாள்.

"அது எங்க மலை," என்றான் பின்வரிசையில் இருந்த ராவிரி. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

மணி அடித்ததும் வராந்தாவில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மலைப் பேரைச் சொன்னதுக்கா எல்லார் முன்னாடியும் மூக்கை உடைச்சீங்க? நான் என்ன, பெட்டியில வச்சு ஊருக்கா கொண்டு போகப்போறேன்?"

"எங்கப்பாவுக்கு இந்த பாஷைய யாரும் சொல்லிக் கொடுக்கல. எழுந்து நின்னு அந்த மலைய 'என் மலை'ன்னு சொல்ல அவருக்கு இன்னிக்கும் வராது. நானே இந்த வருஷம்தான் கத்துக்கிட்டேன். நீங்க ஜன்னல்ல பாத்துட்டு எடுத்துக்கிட்டீங்க..." என்றான் அவன்.

அவளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "மன்னிச்சிருங்க... தெரியாம சொல்லிட்டேன். எங்க ஊர்ல கால்வாய் மட்டும்தான் இருக்கு. அதுலயும் தண்ணிய விட வாத்து ஜாஸ்தி."

"அந்த வாத்தையே சொல்லியிருக்கலாமே."

இருவருமே சிரித்துவிட்டார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வகுப்பின் பாட்டுப் பயிற்சியில் பக்கத்தில் நின்றார்கள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனதென்று இருவருக்குமே தெரியாது. சந்திக்கும்போது நெற்றியும் மூக்கும் ஒட்ட நின்று மூச்சைப் பகிர்ந்துகொள்வது அங்கே வழக்கமான வணக்கம். மற்ற எல்லாரிடமும் ஃபெம்கே சாதாரணமாகத்தான் செய்வாள். அவனிடம் வரும்போது மட்டும் மூச்சு விடவே மறந்து போவாள்... அறைக்குத் திரும்பியபின் ஜன்னலோரம் நின்று, மழையில் மறைந்த மலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவனாகச் சொல்லட்டுமே என்று ஒரு வீம்பு. அவனுக்கோ, போகப்போறவகிட்ட என்னத்தைச் சொல்றது என்று ஒரு வீம்பு.

பருவம் முடிந்தது. பிரிவு விருந்து ராவிரியின் குலத்தார் கூடும் மண்டபத்தில். அவன் தன் அத்தை ஹூயாவோடு வீட்டார் வரிசையில் இருந்தான். எதிரே, ஊர் திரும்பும் மாணவர்களுக்கான விருந்தாளிகள் வரிசை. பேருந்து வந்துவிட்டதென்று மற்ற மாணவர்கள் மழையில் பெட்டிகளை ஏற்ற ஓடிவிட, நன்றி சொல்ல ஃபெம்கே மட்டும் எழுந்து நின்றாள்.

"எனக்கு மலை இல்ல. எங்க ஊர் தட்டை. என் தண்ணி கால்வாய்த் தண்ணி. நான் ஃபெம்கே. வந்த புதுசுல கேக்காம ஒரு மலைய எடுத்துட்டேன். இப்ப திருப்பி வச்சிட்டுப் போறேன்... மனசு மட்டும் வர மாட்டேங்குது."

அங்கே, பேசியவருக்குத் துணையாக அவருடைய ஆட்கள் எழுந்து பாட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பேச்சு அநாதை. அவள் பின்னால் காலி நாற்காலிகள்தான் இருந்தன. தானே ஆரம்பித்தாள். இரண்டாவது அடியிலேயே பாட்டு நின்றுபோயிற்று.

ராவிரி எழுந்தான்.

"டேய், எங்கடா போற? அது வந்தவங்க பக்கம்," என்றாள் ஹூயா.

"தெரியும் அத்தை."

எல்லார் கண்ணும் பார்க்க மண்டபத்தைக் குறுக்கே கடந்து போய், அவள் தோளோடு தோள் நின்று, விட்ட இடத்திலிருந்து பாடினான். அவளும் சேர்ந்துகொண்டாள். "போச்சு, நம்ம பையன் போயிட்டான்," என்று ஹூயா சொல்ல, வீட்டார் வரிசை முழுக்கச் சிரித்தது.

பாட்டு முடிந்தது. வெளியே பேருந்து ஹாரன் அடித்தது.

"ஏன் வந்த?" என்றாள், அவனைப் பார்க்காமலே.

"உன் பக்கம் யாருமே இல்லையே."

"அதுக்கு மட்டுமா?"

"இல்ல." அவன் அவள் பக்கம் திரும்பினான். "அந்த மலைய உனக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்ல, ஃபெம்கே. அது எங்க எல்லாருக்கும் பொது. எனக்கே எனக்குன்னு இருக்கறது நான் மட்டும்தான்... அத எடுத்துக்கோ. உன்ன எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. படிப்ப முடிச்சிட்டு திரும்பி வா."

அந்தச் சாம்பல் கண்கள் நிறைந்து வழிந்தன.

"இந்த தடவ நான் கேக்காமலே நீயே கொடுக்கறே," என்றாள். "வர்றேன். கண்டிப்பா வர்றேன்."

அவன் நெற்றியில் நெற்றி வைத்தாள். மூக்கோடு மூக்கு ஒட்டியது. இந்த முறை அவள் மூச்சு விட மறக்கவில்லை.