வெறுந்தண்ணீரில் நான்கு லட்சம்

சேத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, மாலை ஐந்து மணிக்கு நாகஜோதி ராஜபாளையம் லேபுக்குள் நுழைந்தாள். செருப்பை மாற்றி, கையுறை மாட்டிக்கொண்டு, வைரஸ் சோதிக்கும் மிஷினில் சாம்பிள் குழல்களை வரிசையாக வைத்தாள். கடைசிக் குழலில் எப்போதும் வெறுந்தண்ணீர்தான். அதில் வைரஸ் தெரிந்தால் மற்ற முடிவுகளையும் நம்பக் கூடாது.

ஒன்றரை மணி நேரத்தில், வெறுந்தண்ணீருக்கான கோடு திரையில் மேலே ஏறியது.

சைட்டோமெகலோ வைரஸ், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களின் நுரையீரலைப் பிடிப்பது. ஒரு மில்லியில் நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

தன் கைதான் எங்கோ தவறியிருக்கும் என்று நினைத்தாள். மேஜையைத் துடைத்தாள். புதுத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, மறுபடி ஓட்டினாள்.

அதே எண்.

மிஷினுக்குள் களகளவென்று ஏதோ இழுத்தது, சளி கட்டிய நெஞ்சைப் போல. குளிர்ந்த அறையில் வார்டுப் படுக்கையின் புளித்த வியர்வை வாடை.

செலினா நினைவுக்கு வந்தாள். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவள், மூச்சுத் திணறலோடு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்து, வைரஸ் இல்லை என்று கையெழுத்திட்டவள் நாகஜோதி. அதை நம்பி டாக்டர் வைரஸுக்கு மருந்து தரவில்லை.

சனிக்கிழமை செலினா இறந்துபோனாள்.

"அண்ணே, செலினா சாம்பிளை நீங்கதான பஸ்ல கொண்டாந்திய?"

மூலையில் ஐஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மாரிசெல்வம் நிமிரவில்லை. ஆஸ்பத்திரிகளிலிருந்து சாம்பிள் கொண்டுவருபவன். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டவன் அவன்தான்.

"மூடியச் சரியாத் திருகலட்டி. ஐஸ் பெட்டிக்குள்ள அம்புட்டும் கொட்டிட்டு."

"பொறவு?"

"சலைனை ஊத்தி வச்சேன். திரும்ப அந்தப் பொம்பள நெஞ்சுக்குள்ள குழாய் விடணும்னா டாக்டர் என்னையச் சும்மா விடுவாரா?"

"உப்புத்தண்ணியையா எங்கையில குடுத்திய? இம்புட்டுத் தெளிவா இருக்கேன்னு ரெண்டு தடவ கேட்டேனே! ஒனக்குச் சந்தேகந்தான் சோறுன்னு சிரிச்சிய."

அவன் ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்தினான்.

"டாக்டர்ட்ட சொல்லப் போறேன்."

"சொல்லு. கையெழுத்து யாரோடதுன்னு மொதல்ல பாப்பாரு."

தங்கச்சி என்று கூப்பிட்ட அதே வாய்.

களகளப்பு கூடியது. மாரிசெல்வம் பாய்ந்து மிஷினின் வயரைப் பிடுங்கினான். திரை இருண்டது.

சத்தம் நிற்கவில்லை.

அவன் மெல்ல அவள் பக்கம் காதைச் சாய்த்தான். முகம் வெளிறியது.

"ஏட்டி... நீயா இப்படி மூச்சு இழுக்க?"

நாகஜோதி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். சத்தமும் நின்றது.