பரிசு ஜாடி

மதியச் சாப்பாடு முடிந்து தெருவே கண்ணயர்ந்திருந்த வேளையில், யாரோ ஆக்டோபஸைப் பாறையில் ஓங்கி ஓங்கி அடித்து மிருதுவாக்குவது போன்ற சத்தம் டோராவுக்குக் கேட்டது. தாரந்தோ துறைமுகத்தின் பழைய தீவு நகரத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். அந்த ஈரச் சத்தம் புதிதல்ல. ஆனால் தெற்கேயிருந்து அனல்காற்று அடித்துக்கொண்டிருந்ததால் அந்த வாரம் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. சத்தம் படித்துறைப் பக்கமிருந்தும் வரவில்லை. தரைக்கு அடியிலிருந்து வந்தது.

கீழே அவள் கணவன் நுன்ஸியோவும், தம்பி எஜிதியோவும் இருந்தார்கள். இரும்பாலையில் வேலை போனதிலிருந்து இருவரும் சும்மா கிடந்தவர்கள். கூரை இடிந்து, வாசலைக் கல் வைத்து அடைத்துவிட்ட பக்கத்து மாளிகையின் நிலவறைக்குள், தங்கள் சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டு இறங்கினார்கள். அங்கிருந்து புதையல் தேடித் தோண்டி, கிரேக்கர் காலத்துக் கல்லறை ஒன்றை எட்டினார்கள். முந்தின நாள்தான் கல்பெட்டியின் மூடியை நெம்பினார்கள். உள்ளே நெடிய எலும்புக்கூடு ஒன்றும் கறுப்பு ஜாடி ஒன்றும். விரல் முட்டிகளைச் சுற்றித் தோல்வார் இறுகிக் கிடந்ததாம். குத்துச்சண்டைக்காரன், ஜெயித்து வாங்கிய ஜாடி என்றான் எஜிதியோ.

"செத்தவனுக்கு எதுக்குக்கா பரிசு? நாம வாங்கிக்குவோம்" என்று சிரித்தான்.

ஜாடி கட்டிலடிக்குப் போனது. காலையில் நுன்ஸியோவின் முட்டிகள் தோலுரிந்திருந்தன. கல் உரசிவிட்டது என்றான். எஜிதியோவின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அவனும் கல் என்றான். காபியைப் பாதியில் வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கீழே போனார்கள்.

சத்தம் நிற்கவில்லை. டோரா ஜாடியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். வெயிலில் கிடந்த கல்லைப் போல அது சுட்டது. ஓட்டைக்குள் குனிந்து, உளுத்த மரமும் எலிப்புழுக்கையும் இரும்பாலையின் செந்தூசியும் கலந்து நாறிய படிகளில், ஒரு தோளால் சுவரைத் தடவியபடி இறங்கினாள். இறங்க இறங்க அந்த நாற்றத்தின் அடியிலிருந்து வேறொன்று கிளம்பியது. ஆலிவ் எண்ணெய். உடம்பில் பூசிய எண்ணெயும் வியர்வையும்.

பாட்டரி விளக்கு தரையில் எரிந்துகொண்டிருந்தது. கல்பெட்டி திறந்திருந்தது. உள்ளே எலும்பு இல்லை.

இருவரும் இடுப்புவரை வெற்றுடம்பாக நின்றார்கள். அவளுடைய படுக்கை விரிப்பைக் கிழித்துக் கைகளில் சுற்றியிருந்தார்கள். நுன்ஸியோ அடித்தான். எஜிதியோ வாங்கினான். பிறகு எஜிதியோ அடித்தான். யாரும் விலகவில்லை. யாரும் கத்தவில்லை. கோபம்கூட இல்லை.

அவள் ஜாடியைப் பெட்டிக்குள் வைத்தாள். திருப்பி வைத்தாயிற்று, நிறுத்துங்கள் என்று கெஞ்சினாள். இருவர் பார்வையும் ஜாடிக்குப் போனது. அடி வேகமெடுத்தது.

நுன்ஸியோவின் கையில் தொங்கினாள்.

"கைய விடு டோரா" என்றான் மெதுவாக. "அவரு பாத்துக்கிட்டு இருக்காரு."

உதறினான். சுவரில் போய் மோதி விழுந்தாள். எஜிதியோவின் வாயில் பாதிப் பல் இல்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு அவளைப் பார்த்தான்.

"நான் தோத்துக்கிறேங்க்கா. ஜெயிக்கிறவன்தான் அடுத்து அவரோட மோதணும்."

கைகளைத் தொங்கவிட்டான்.

"வேணாம் மச்சான்" என்றான் நுன்ஸியோ. அழுதான். அழுதுகொண்டே அடித்தான். தாடை உடைந்தது. எஜிதியோ விழுந்தான். தலை பெட்டியின் விளிம்பில் பட்டது. காலொன்று கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டது. பிறகு அதுவும் இல்லை.

டோரா தம்பியின் பெயரைச் சொல்லித் தவழ்ந்து போனாள். பின்னந்தலையில் கை வைத்தாள். கை உள்ளே போனது.

நுன்ஸியோ திரும்பினான். விளக்கு எட்டாத மூலையைப் பார்த்துக் கைகளை உயர்த்தினான். கால்சராய் நனைந்தது.

எண்ணெய் வாசனை நெருங்கி வந்தது.

அவன் தலை வெடுக்கென்று பின்னால் சாய்ந்தது. எதிரே யாரும் இல்லை. மறுபடி. மூக்கு நசுங்கியது. விலாவில் ஒன்று, எலும்பு முறிந்த சத்தம். அவன் ஒரே ஒரு தடவை கையை வீசினான். இருட்டில் எதன் மேலோ பட்டது. அவளுக்குக் கேட்டது. சதையில் பட்ட சத்தம்.

அதன்பின் அவனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கவில்லை.

டோரா படிக்கு ஓடினாள். ஏறினாள். வழுக்கினாள். ஏறினாள். அவன் விழுந்தது காதில் விழுந்தது. முடிந்தது என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

நுன்ஸியோ எழுந்து நின்றான். எழவில்லை, தூக்கப்பட்டிருந்தான். தலைமுடி உச்சியில் ஒரு பிடியாகக் குவிந்து விறைத்திருந்தது. கால்விரல்கள் தரையைத் தொடவில்லை. கண்கள் திறந்திருந்தன, உயிரில்லை. பிடித்த கை தெரியவில்லை. அந்த முகம் மட்டும், ஒவ்வொரு அடிக்கும், இன்னும் கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.