ஐந்தாம் மாடிக்கு ஏறும் வெந்நீர்க் குழாய்

வெந்நீரை அடைத்து, குழாயில் இருந்த கடைசிச் சொட்டையும் வாளியில் வடித்த பிறகும், ஷினாரின் உள்ளங்கைக்குள் அந்த இரும்பு அதிர்ந்தது. டங். டங். டங். கொஞ்சம் இடைவெளி. பிறகு எங்கோ உச்சியிலிருந்து, மெலிதாக, அதே மாதிரி மூன்று.

அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். துருவும் ஈரச் சுண்ணாம்பும் மணக்கிற அந்த நிலவறையில் அவளைத் தவிர யாருமில்லை.

இருபத்திரண்டு வருஷமாகக் கரகண்டா நகரத்தின் பழைய அடுக்குமாடிகளில், வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் பார்க்கிறவள். குழாய் எத்தனை விதமாகக் கத்தும் என்று அவளுக்கு அத்துபடி. காற்று அடைத்தால் களகளவென்று கொப்பளிக்கும். சூட்டில் நீளும்போது கான்கிரீட்டில் உரசி டிக் டிக் என்னும். வால்வுக்குள் மூடி கழன்றால் படபடவென்று அடிக்கும். இரண்டு நாளாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். காற்றைத் திறந்துவிட்டாள், குழாய் தளத்தைத் துளைத்துப் போகிற இடங்களில் கம்பளித் துணி சுற்றினாள், வால்வை மாற்றினாள், சுவரில் தளர்ந்திருந்த பிடிகளை முடுக்கினாள். ஒவ்வொரு சத்தமும் அடங்க அடங்க, அடியில் இது மட்டும் தெளிந்து வந்தது.

மேலே யாரோ வேண்டுமென்றே தட்டுகிறார்கள், கீழே கேட்டது எதிரொலி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எதிரொலி எப்படி முதலில் வரும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை.

படியேறியதும் கீழ்வீட்டு ரௌஷான் இடுப்பில் கை வைத்து நின்றாள். புகார் கொடுத்தவள் அவள்தான்.

"என்னடி, ஆச்சா? மூணு ராத்திரியா பொட்டுத் தூக்கமில்ல. இன்னிக்கும் தட்டுச்சுன்னா உன் ஸ்பேனரால உன் தலையிலயே தட்டுவேன்."

"அஞ்சாம் மாடிப் பெரியவரா இருக்கும்க்கா. போய்ப் பாத்துட்டு வரேன்."

"வாத்தியாரா? பாவம், பொண்டாட்டி போனதுலேருந்து அவருக்கு மரை கழண்டுபோச்சு. உன்னால அத முடுக்க முடியுமா பாரு."

சிரித்துக்கொண்டே ஏறினாள் ஷினார். வெளியே காலையிலிருந்து பனிப்புயல். பள்ளி இல்லை, பஸ் இல்லை, எல்லாரும் வீட்டில். பகல் இரண்டு மணிக்கே படிக்கட்டு ஜன்னல்கள் சாம்பலாய் மங்கியிருந்தன. ஒரு கதவுக்குப் பின்னால் ஆட்டிறைச்சி வெந்தது, இன்னொன்றில் டிவி பாடியது. நாலாம் மாடி வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. அதன் சாவி குடியிருப்பு அலுவலகத்திலிருந்து வாங்கி வந்து அவள் பையில் இருந்தது.

கதவைத் திறந்த அமன்தாயின் கையில் இரும்புக் கரண்டி. அதை மறைக்கக்கூட அவர் முயலவில்லை.

"நீங்கதானா ஐயா? கீழ ஒருத்தருக்கும் தூக்கமில்ல."

"நானா ஆரம்பிக்கலம்மா. அது தட்டும். நான் பதில் சொல்றேன்."

"எது?"

"தெரியல. அவ செத்துப்போன வருஷம், முதல் குளிர்ல மூணு தட்டு கேட்டுச்சு. கீழ யாரோ என்னை மாதிரி ஒண்டியா இருக்காங்கன்னு நினைச்சேன். நானும் மூணு தட்டினேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு." அவர் குரல் இறங்கியது. "ஒரு நாள் காய்ச்சல்ல கிடந்தேன், பதில் சொல்லல. முழிச்சா, கதவைத் தட்டுது. ஓடிப்போய்க் குழாயில அடிச்சேன். படி இறங்கிப் போயிடுச்சு. இங்க ஆளு இருக்குன்னு தெரிஞ்சா அதுக்குப் போதும்மா. தெரியலைன்னா தேடி வரும்."

ஷினார் அவர் வீட்டுக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும், இவரிடமிருந்து கரண்டியைப் பிடுங்குவதைவிடச் சுலபமான வழி ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பூட்டிய வீட்டைத் திறந்து, கூரையடியில் ஒரு முழ நீளத்துக்கு இரும்பை அறுத்தெடுத்து, அங்கே பிளாஸ்டிக் குழாயை மாட்டினாள். தண்ணீர் ஏறும், சத்தம் தாண்டாது. கிழவர் ஆசை தீரத் தட்டிக்கொள்ளட்டும்.

வெந்நீரைத் திறந்துவிட்டு, கடைசியாகக் காற்றை வெளியேற்ற மறுபடி ஐந்தாம் மாடிக்குப் போனாள். அவர் வீட்டுத் திருகைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று சீறி, துப்பி, நீராக ஒழுகியது. மூடினாள். அமைதி. புயல்கூட ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"என்னம்மா பண்ணினே?" அமன்தாய் குழாயில் காதை வைத்தார். முகம் வெளுத்தது. "இந்நேரம் தட்டியிருக்குமே. ஒண்ணும் கேக்கலையே."

கரண்டியால் அடித்தார். இன்னும் வேகமாக அடித்தார். சத்தம் அந்த அறைக்குள்ளேயே விழுந்து செத்தது.

கீழே, வெகு கீழே, ஒரு கதவில் மூன்று தட்டு.

"யாரு?" ரௌஷானின் குரல். தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. அப்புறம் எதுவுமில்லை. கதவு சாத்தப்படவில்லை.

அடுத்த மாடி. மூன்று தட்டு. திறக்கிற சத்தம். டிவி பாடிக்கொண்டே இருந்தது.

அடுத்தது.

ஷினார் ரௌஷானை போனில் அழைத்தாள். மணி அடித்தது. அவள் காதில் மட்டுமல்ல. படிக்கட்டிலும். அந்த மணிச்சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடி. நாலாம் மாடி. காலடிகள், நிறைய. செருப்பில்லாத காலடிகள்.

"பேசாதே," என்றார் அமன்தாய். கரண்டி அவர் கையிலிருந்து நழுவியது.

மணி கதவுக்கு வெளியே நின்று அடித்தது.

டங் என்றில்லை. மெத்தென்ற, ஈரமான தட்டு. ஒன்று.

ஷினார் கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள்.

ரௌஷான். கைகள் இரண்டும் தொங்கிக் கிடந்தன. உடுப்புப் பைக்குள் போன் மினுங்கியது. கண்கள் இமைக்காமல் திறந்திருந்தன. அவள் பின்னால், படிக்கு ஒருவராக, கீழ்வரைக்கும், எல்லா வீட்டுக்காரர்களும்.

அவள் நெற்றி கதவில் மோதியது. இரண்டு.

படிகளில் நின்ற அத்தனை தலைகளும், மூன்றாவது தட்டுக்காக, ஒன்றாக மெல்லப் பின்னால் சாய்ந்தன.