அவரை விதைக்கும் அறிவியல் முறை

உலகத்துக்கே உணவளிக்கும் மாபெரும் பொறுப்பு வேளாண்மைக் கல்லூரி மாணவர்களின் தோளில்தான் இருக்கிறது. அக்கா இதை அறிவித்தபோது, அவள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

தங்கை ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். வீட்டில் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று குடைந்துகொண்டே இருப்பாள்.

அக்கா நிமிரவே இல்லை. தன் பேராசிரியர் எழுதிய, தலையணை மாதிரி தடித்த பயிரியல் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அது என்னக்கா?"

"துண்டறிக்கை. அவரை விதைக்கிறது எப்படின்னு யாருக்கும் புரியற மாதிரி எழுதணும். வேளாண் எழுத்துன்னு ஒரு பாடம். நாளைக்குத் தேர்வு."

"எழுதிக் கொடுத்தா முடிஞ்சுதா?"

"அதான் இல்ல. கேன்டீன் சமையல்காரர் இதைப் படிச்சு, இதுல இருக்கிறபடி மட்டும் விதைச்சுக் காட்டுவாரு. நான் பக்கத்துல நிக்கணும். வாயைத் திறந்தா ஃபெயில்."

குடைச்சல் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவாவது, வாயைத் திறக்காமல் இருப்பதாவது!

"சிரிக்காதடி. போன தடவையே ஃபெயில். இந்தத் தடவையும் போச்சுன்னா ஒரு வருஷம் வீண்."

குடைச்சலின் சிரிப்பு நின்றது.

"கொடு. இப்ப நான்தான் சமையல்காரர். நீ வாயை மூடிக்கோ."

இருவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். ஒரு தொட்டி, மண், எரு, வாளித் தண்ணீர், ஒரு கிண்ணம் நிறைய அவரை விதை. எல்லாம் தயார். குடைச்சல் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"'மானுட நாகரிகத்தின் ஆதிகாலந்தொட்டு அவரையானது...' இதுக்கு நான் என்ன பண்ணணும்?"

அக்கா பல்லைக் கடித்தாள்.

"சரி, ஒண்ணும் பண்ண வேணாம்போல. 'மண்ணுடன் எருவைக் கலந்து பொலபொலப்பாக்குக.' ஆக்கியாச்சு. 'விரல் ஆழத்திற்குக் குழி எடுக்கவும்.' எந்த விரல்? என் சுண்டு விரலா, அப்பாவோட கட்டை விரலா?"

"ம்ம்ம்!" என்றாள் அக்கா.

"என் ஆள்காட்டி விரல்தான் கைவசம் இருக்கு. அடுத்தது, 'குழியை மூடி நீர் தெளிக்கவும்.'"

குடைச்சல் குழியை மூடினாள். தண்ணீர் தெளித்தாள். கையைத் தட்டிக்கொண்டாள்.

"முடிஞ்சது. எப்பக்கா முளைக்கும்?"

அக்காவின் முகம் தக்காளியாகச் சிவந்தது. குதித்தாள். கிண்ணத்தைக் காட்டினாள். விதைகள் அத்தனையும் கிண்ணத்திலேயே சொகுசாக உட்கார்ந்திருந்தன.

"விதையைப் போடலையேடி!"

"போடச் சொல்லி எங்கேயும் எழுதலையே! இதோ, நீ வாயைத் திறந்துட்டே. ஃபெயில்."

அக்கா தாளைப் பிடுங்கி மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலேயும் படித்தாள். விதை எங்குமே இல்லை.

"அதைப் போய்ச் சொல்லணுமா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

"எல்லாருக்கும் தெரிஞ்சா, எதுக்குக்கா துண்டறிக்கை?"

அக்கா பேனாவை எடுத்தாள். குழிக்கு இரண்டு விதை என்று எழுதினாள். விரலின் படத்தையும் வரைந்தாள்.

"நாகரிகத்தை எடுத்துடவா?"

"எடுத்துடு. பாவம், சமையல்காரருக்கு நிறைய வேலை இருக்கும்."

மறுநாள் காலையில் குடைச்சல் தன்னிடமிருந்த பெரிய மிட்டாயை அக்காவிடம் நீட்டினாள். "அவர் விதைக்கும்போது வாயில போட்டுக்கோ. கரையறவரைக்கும் பேச்சு வராது."

சாயங்காலம் அக்கா வாசலிலிருந்தே கத்தினாள். "பாஸ்! 'இவ்வளவு தெளிவா யாரும் எழுதினதில்ல'ன்னு பேராசிரியரே பாராட்டினாரு!"

குடைச்சலும் குதித்தாள். ஆனால் அவளை ஒன்று குடைந்துகொண்டே இருந்தது.

"அக்கா, விதையை எப்படி மறந்தே?"

"நான் எங்க மறந்தேன்? பேராசிரியர் புத்தகத்துல இருக்கிற வரிசைப்படிதான் எழுதினேன்."

குடைச்சல் அந்தத் தடித்த புத்தகத்தை மடியில் வைத்து, அவரைப் பாடத்தை வரி விடாமல் படித்தாள்.

பன்னிரண்டு பக்கம். விதையை மண்ணில் போடச் சொல்லி ஒரு வரிகூட இல்லை.