தலைநடவு

நடவுச்சிலந்தி என்ற குட்டி இயந்திரம் சென்னியப்பனின் முன்நெற்றியில் இறங்கி, எட்டுக் கால்களையும் ஊன்றி, ஒரு கணம் நிதானித்தது. பிறகு முடியின் முதல் நாற்றுவேரை நட்டது. வலியில்லை. மரத்துப்போன தோலில் யாரோ பென்சில் முனையால் தட்டுவதுபோல மண்டைக்குள் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. எதிரே இருந்த திரையில் அவன் தலை ஒரு வயல் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. நெற்றி ஓரத்தில் வேர்களை முன்பக்கம் சாய்த்தும், நெற்றிப்பொட்டுப் பக்கம் வந்ததும் கீழ்நோக்கித் திருப்பியும் சிலந்தி நட்டுக்கொண்டே போனது. உச்சிக்கு ஏறியதும் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது.

"இதென்னங்க டாக்டரம்மா, சுத்திச் சுத்தி வருது?"

"உங்க சுழிங்க. பள்ளிக்கூட போட்டோ கேட்டு வாங்கினேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? பத்து வயசுல எங்கே இருந்துச்சோ, அங்கேயே போடுது" என்றார் மருத்துவர் பர்வீன்.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையை அசைக்கக் கூடாது என்பதால் துடைக்காமல் படுத்திருந்தான்.

மதுக்கரை மலையடிவாரத்து யானைக் காவல் குழுவுக்கு அவன் தலைவன். இருபத்தாறு வயதில் முன்முடி உதிரத் தொடங்கியது. காட்டு வெயிலுக்காகப் போட்ட தொப்பி, பிறகு கடைவீதியிலும் கல்யாண வீட்டிலும் தலையிலேயே தங்கிவிட்டது. மனைவி தமயந்தியின் முன்னால்கூட அதைக் கழற்றக் கூசுவான். அவள் ஒரு நாளும் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததே அவனுக்கு உறுத்தியது.

நடவு செய்துகொள்வது என்று முடிவெடுப்பதற்கு முன் ஒரு வருடம் அலைந்தான். நடவு செய்துகொண்டவர்களைத் தேடிப்போய்ப் பேசினான். பழைய முறையில் செய்துகொண்ட ஒருவரைப் போத்தனூரில் பார்த்தான். பின்னந்தலையிலிருந்து பிடுங்கி முன்னால் நட்டிருந்தார்கள். முன்னால் துடைப்பம் மாதிரி வரிசை வரிசையாக முடி, பின்னால் பூச்சி அரித்த கம்பளி மாதிரி தழும்பு. "இருக்கறதைத்தானே தம்பி எடுத்து வெக்க முடியும்?" என்றார் அவர்.

பர்வீனின் முறையில் எதையும் பிடுங்க வேண்டியதில்லை. ஒரு துளி ரத்தம் போதும். அதிலிருந்து முடிவேர்களை நாற்றங்காலில் முளைக்கவைத்து, வேண்டிய அளவு நடலாம். அந்த வேர்களை அவர் முதலில் நட்டுப் பார்த்தது எலியின் மேலும் இல்லை, நோயாளியின் மேலும் இல்லை. காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டிப்போன தன் தலையிலேயே நட்டுக்கொண்டார். இப்போது அவர் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் சென்னியப்பன் சம்மதித்தான்.

"நட்ட முடி ஒருதடவை கொட்டும், பயந்துராதீங்க. கீழே வேர் இருக்கும், மறுபடி தழைக்கும். பழைய முறையில இந்தச் சமயத்துலதான் ஆளுங்க கவலைப்பட்டே கெடுத்துக்குவாங்க. பதறினா உடம்புல ஒரு சுரப்பு ஊறும், அது வேரைத் தளர்த்திரும். அதனால நாற்றுவேரையே கொஞ்சம் மாத்திட்டேன். அந்தச் சுரப்பு வந்தா, அதை முறிக்கிற சாறை வேரே சுரந்துக்கும்."

"அப்ப நான் கவலைப்பட வேண்டியதில்லைங்களா?"

"உங்க கவலையை உங்க முடி பாத்துக்கும்" என்று சிரித்தார் பர்வீன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண் இமைக்கு இறங்கியது. தமயந்தி தலையணைகளை அடுக்கிச் சாய்வாகப் படுக்கவைத்தாள். உப்புத் தண்ணீரைப் பன்னீர்போலத் தெளித்தாள். குனியக் கூடாது, வெயில் ஆகாது, வியர்க்கவே கூடாது. பொருக்குகள் உதிர்ந்தன. பிறகு நட்ட முடியும் கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. சென்னியப்பன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "கொட்டிருச்சு" என்று சொல்லிவிட்டு இட்லி கேட்டான். தமயந்திக்கு ஆச்சரியமாக இருந்தது. சீப்பில் இரண்டு முடி வந்தாலே அன்றைக்குச் சாப்பிடாத மனிதன் அவன்.

மழைக்காலம் முடிவதற்குள் தலை நிறைந்துவிட்டது. கறுகறுவென்று, லேசாகச் சுருண்டு, உச்சியில் அதே சுழி. தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்ற அன்று, தமயந்தி பின்னாலிருந்து விரல்களை முடிக்குள் விட்டாள். பத்து வருடக் கூச்சம் அப்படியே கரைந்துபோனது.

அதைவிட அதிசயம், கோபம் போனதுதான். வண்டி நிறுத்தும் இடத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஓயாமல் நடந்த சண்டை, இருவரும் சேர்ந்து டீ குடித்ததில் முடிந்தது. அவருக்கும் நடவு செய்த தலைதான். ஊரிலேயே பாதித் தலைகள் அப்படித்தான். காந்திபுரம் சிக்னலில் ஹாரன் சத்தம் குறைந்திருந்தது. ரத்தக்கொதிப்பு மாத்திரை விற்பனை சரிந்தது. முடிக்காகப் போனவர்களுக்கு மனநிம்மதியும் சேர்த்துக் கிடைத்தது என்று ஊரே பர்வீனைக் கொண்டாடியது. அதில் பொய் எதுவும் இல்லை.

தை மாதத்தில் ஒரு விடியற்காலை, ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று வாழைத்தோப்பில் இறங்கியது. சென்னியப்பனும் குழுவில் இளையவனான ஜெபராஜும் போனார்கள். விதி எளிமையானது: கிட்டே போகக் கூடாது, பட்டாசு போட்டுக் காட்டுப் பக்கம் திருப்ப வேண்டும்.

சென்னியப்பன் நடந்துகொண்டே இருந்தான். வாழைமட்டை முறியும் ஓசையும், ஈரமண்ணும் சாணமும் கலந்த வாசனையும் அவனை ஈர்த்தன. இத்தனை வருடங்களில் ஒரு யானையை இவ்வளவு பொறுமையாக அவன் பார்த்ததே இல்லை. அதன் நெற்றியில்கூட நாலு முடி நட்டுக்கொண்டு நின்றது. அழகாக இருக்கிறது என்று நினைத்தான்.

யானையின் காதுகள் அசைவை நிறுத்தின.

அடுத்து அது பாயும் என்று அவனுக்குத் தெரியும். புதிதாகச் சேரும் ஆட்களுக்கு அவன்தான் அதைச் சொல்லிக்கொடுப்பான். தெரிந்ததெல்லாம் மனதில் தெளிவாக இருந்தது. கால்களுக்கு மட்டும் அவசரம் வரவில்லை.

"அண்ணா, ஓடுங்க! அண்ணா!"

பின்னாலிருந்து பாய்ந்து வந்த ஜெபராஜ் அவனை வாய்க்காலுக்குள் தள்ளினான். தள்ளியவன்மேல் தும்பிக்கை வீசி விழுந்தது.

ஜெபராஜின் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சென்னியப்பன் அவளைத் தாண்டிப் போய்க் கேண்டீனில் பஜ்ஜி சாப்பிட்டான். ருசியாக இருந்தது. இரண்டாவது பஜ்ஜியைக் கடிக்கும்போது, நான் இப்போது இதைச் சாப்பிடக் கூடாது என்று ஒரு எண்ணம் வந்தது. எண்ணம்தான் வந்தது. குற்றவுணர்ச்சி வரவில்லை.

கட்டிலில் கிடந்த ஜெபராஜ் கேட்டான்: "அது காதை நிறுத்துச்சுங்கண்ணா. நீங்க பாத்தீங்க. ஏன் ஓடல?"

"பாத்தேன் ஜெபா. ஓடோணும்னு தோணல."

வனத்துறையின் பறக்கும் கேமரா எடுத்த காட்சி ஊரெல்லாம் சுற்றியது. கொம்பனுக்கு எதிரே அசையாமல் நின்ற சென்னியப்பனை வீரன் என்றார்கள். மாலை போட ஆள் வந்தது. தமயந்தி அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது தைரியமில்லீங்க. பயந்துட்டே நின்னிருந்தீங்கன்னா அது தைரியம். உங்க மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. நம்ம பாப்பா போன வாரம் மாடிப்படியில உருண்டப்பவும் உங்க மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு." அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "எனக்குப் பயமா இருக்கு. முடி நட்டதுலேருந்து இப்படித்தான். அதை எடுத்துருங்க."

"சரி" என்றான் அவன்.

இருவரும் சொன்னதைப் பர்வீன் அமைதியாகக் கேட்டார், எதையும் மறைக்கவில்லை. "ஆமாங்க. சாறு தலைத்தோலோட நிக்கறதில்ல. வேர் பெருகப் பெருக ரத்தத்துல கலக்குது. பயமும் சுருங்கிடுது. போன ஆடியிலயே கண்டுபிடிச்சுட்டேன். எழுதி வெளியிடணும், நடவை நிறுத்தணும்னு இருக்கேன்."

"அப்புறம் ஏன் நிறுத்தல?" என்றாள் தமயந்தி.

பர்வீன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். "அவசரமாத் தோணலீங்க."

அந்தப் பதிலிலிருந்த விபரீதம் தமயந்திக்கு மட்டும்தான் உறைத்தது. சென்னியப்பன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"எடுத்துட்டா மறுபடி வழுக்கைதான். வேர் பிடிச்ச இடம் தழும்பாகிடும், திரும்ப நட முடியாது. இதுவரை யாருமே எடுக்கச் சொல்லிக் கேட்டதில்லை. யோசிச்சுக்கங்க" என்றார் பர்வீன்.

சென்னியப்பன் யோசித்துப் பார்த்தான். முடி போனால் போகட்டும் என்றுதான் தோன்றியது. முடிக்காக ஏங்கிய மனதையும் அந்த முடி ஆற்றிவிட்டிருந்தது. எதையும் இழக்கலாம் என்ற அமைதியில், அந்த அமைதியையே இழக்கச் சம்மதித்தான்.

எடுத்த பிறகு சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு காலையில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தவன் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்து அலறினான். முடி, என் முடி என்று தரையில் உட்கார்ந்து அழுதான். அழுகையின் நடுவே யானையின் அசையாத காதுகள் வந்தன. வாழைத்தோப்பில் வந்திருக்க வேண்டிய பயம் அப்போதுதான் வந்து சேர்ந்தது. பல் கிட்டியது, உடம்பு உதறியது. அதன்பிறகுதான் ஜெபராஜின் ஞாபகம். அது கடைசியாக வந்தது என்பதற்கே தனியாக ஒருமுறை அழுதான்.

அன்றே ஜெபராஜின் வீட்டுக்கு ஓடி, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "என்னால ஆச்சு ஜெபா, என்னால ஆச்சு" என்று கதறினான்.

ஜெபராஜ் கையை நீட்டி அந்த மொட்டைத் தலையைத் தொட்டான். "இப்பத்தாண்ணா எனக்கு நிம்மதியா இருக்கு" என்றான்.

மறுநாள் செய்தியில் அரசு அறிவிப்பு வந்தது. நடவு செய்துகொண்ட ஓட்டுநர்களுக்குக் கோபமே வருவதில்லை என்பதால், வால்பாறை, ஊட்டி மலைப்பாதையில் பேருந்து ஓட்டும் எல்லோருக்கும் இலவசத் தலைநடவு. கேட்டதும் சென்னியப்பன் எழுந்து நின்றான். கொண்டை ஊசி வளைவில் பாறை உருண்டு வரும்போது, அதைப் பார்த்துக்கொண்டே, பிரேக் போட அவசரப்படாத ஒரு முகம் அவன் கண்ணில் தெரிந்தது. பர்வீனைக் கூப்பிட்டான்.

"டாக்டரம்மா, நிறுத்துங்க! இன்னைக்கே சொல்லுங்க! பஸ்ஸுல ஜனங்க இருக்காங்க!"

"நீங்க சொல்றது ரொம்பச் சரி" என்றது இனிமையான குரல். "பாக்கலாங்க."

அவன் போனை வைத்துவிட்டுத் தமயந்தியைப் பார்த்தான். "எத்தனை கத்துனாலும் அந்தம்மாவுக்கு ஏறாது. நல்லவங்கதான். ஆனா ஏறாது."

தமயந்தி செருப்பை மாட்டிக்கொண்டாள். "கத்த வேண்டாம். அவங்க தலையில இருக்கறதையும் எடுத்துக்கச் சொல்லலாம் வாங்க."

"அவ்வளவு முடியையுமா? அவங்களே கண்டுபிடிச்சு, அவங்களே வளத்தது. ஒத்துக்குவாங்களா?"

"நீங்க ஒத்துக்கிட்டீங்கல்ல?"

மருத்துவமனைக் கூடத்தில் நடவுக்குக் காத்திருந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். பர்வீன் இருவரையும் தன் அறையில் உட்காரவைத்து, தமயந்தி சொன்னதை முழுக்கக் கேட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கூந்தல் பட்டுப்போல மின்னியது. உலகத்தில் யாரும் செய்யாத வேலை அது என்று சென்னியப்பனுக்கு இப்போதும் மலைப்பாகத்தான் இருந்தது.

"சரி. சாயங்காலம் எனக்கு வேறே வேலை இல்லை. எடுத்துரலாம்" என்றார் பர்வீன்.

அந்தச் சிரித்த முகம் அடுத்த வாரம் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் சென்னியப்பனுக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஊரில் எத்தனை தலைகளில் நட்டிருக்கிறார் என்பதெல்லாம் ஒரே நாளில் அவர்மேல் வந்து இறங்கும்.

"டாக்டரம்மா, அழுகை வரும். பெருசா வரும். அப்ப தனியா இருக்காதீங்க, எங்களைக் கூப்பிடுங்க. எப்பன்னாலும் வந்துருவோம்" என்றான். சொல்லும்போதே கை கூப்பினான்.

பர்வீன் அந்தக் கையை அன்போடு பார்த்தார்.

"எதுக்குங்க அழணும்?" என்று கேட்டார்.