காணாமல் போன முப்பத்தாறு தாள்கள்

காலை மணி 8.50. முதலாளியின் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் என்று சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும். ஆனால் அது அலறல்தான்.

வயர் அக்கா ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் பேயறைந்தவர் போலத் திரையின் முன் நின்றிருந்தார். புது மருத்துவமனையின் நோயாளிகள் பிரிவுக்காக நான்கு மாதம் வரைந்த வரைபடங்கள், மொத்தம் முப்பத்தாறு தாள்கள். அவை இருந்த ஃபோல்டரையே காணோம். முதலாளி காலை ஏழரை வாக்கில் திறந்து வைத்துவிட்டுப் போன பதினேழாம் தாள் மட்டும் அவர் திரையில் அனாதையாகக் கிடந்தது. மதியம் பன்னிரண்டு மணிக்குள் மருத்துவமனைக் குழுவுக்கு அத்தனையும் போய்ச் சேர வேண்டும்.

"போன வெள்ளிக்கிழமை எடுத்த நகல் இருக்கு," என்றார் அக்கா.

"இந்த வாரம் பண்ணின திருத்தம் ஒண்ணுகூட அதுல இருக்காதே! அதை அனுப்பறதுக்கு வெள்ளைக் காகிதத்தை அனுப்பலாம்."

ஆறு பேர் வேலை செய்யும் சின்ன வரைபட அலுவலகம் அது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் வயர் அக்கா. எந்நேரமும் மேஜைக்கடியில் தலையை விட்டு வயர்களைத் துழாவிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். வயது ஐம்பத்து மூன்று. யார் கீபோர்டில் பிஸ்கட் தின்றார்கள் என்பதை எழுத்துகளுக்கிடையே உள்ள தூளை வைத்தே சொல்லிவிடுவார். அதனால் அவரிடம் எல்லோருக்கும் கொஞ்சம் பயம், நிறையப் பிரியம்.

வீட்டிலிருந்தும் வேலை பார்க்க வசதியாக ஊழியர்களின் வீட்டுக் கணினிகளை அலுவலகக் கணினியோடு இணையம் வழியாக இணைத்தவரும் அவரே. இங்கே ஒரு கோடு போட்டால் அங்கேயும் விழும். இங்கே ஒன்றை எடுத்துவிட்டால் அங்கேயும் போய்விடும்.

அக்கா பதிவேட்டைத் திறந்தார். யார், எப்போது, எதைத் தொட்டார்கள் என்று கணினி தானே எழுதிவைக்கும் பட்டியல் அது.

7.34: பென்சில் வீட்டுக் கணினி, பதினேழாம் தாள் திறக்கப்பட்டது.
7.35: முதலாளி கணினி, பதினேழாம் தாள் திறக்கப்பட்டது.
7.36: பென்சில் வீட்டுக் கணினி, ஃபோல்டர் அகற்றப்பட்டது.
7.41: பென்சில் வீட்டுக் கணினி அணைக்கப்பட்டது. காலியிடம்: 118 ஜிபி.

நேற்றைய வரியையும் பார்த்தார். காலியிடம்: 118 ஜிபி. "உம்," என்றார்.

பென்சில் என்பது கொண்டையில் பென்சில் செருகிக்கொண்டு திரியும் பெண். முப்பது வயது. அந்த முப்பத்தாறு தாள்களில் முக்கால்வாசி அவள் கைவண்ணம்தான். பகலில் அலுவலகத்தில் வரைவாள், சாயங்காலம் வீட்டுக் கணினியில் மிச்சத்தைத் தொடர்வாள்.

"போன மாசம் போட்டி கம்பெனி அவங்களைக் கூப்பிட்டாங்கல்ல?" என்றார் முதலாளி.

"கூப்பிட்டாங்க. போக மாட்டேன்னு அவளே வந்து உங்ககிட்ட சொன்னா."

"சொன்னாங்க. ஆனா படம் அவங்க வீட்டுலேருந்துதானே போயிருக்கு? என் காதுல பூ சுத்த முடியாது. பன்னிரண்டு மணிக்குள்ள படம் வரலேன்னா, நாளைலேருந்து அவங்க வர வேண்டாம்."

பென்சில் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டாள். அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது என்பது அக்காவுக்குத் தெரியும்.

மணி 9.10.

"காலைல எத்தனை மணிக்குக் கிளம்பினே?"

"ஏழு மணி. பஸ் அட்டைல 7.12ன்னு பதிவாகியிருக்கு, பாருங்க."

"வீட்டுல யாரு இருந்தா?"

"அப்பா மட்டும்தான். அவருக்கு மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாதுக்கா."

"பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"யாருக்குமே தெரியாது." கொஞ்சம் யோசித்தாள். "மேஜைல ஒட்டி வெச்சிருக்கேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பட்டியலைப் பின்னோக்கி நகர்த்திக் காட்டினார். நேற்று காலை 7.31க்குப் பதினாறாம் தாள். முந்தாநாள் பதினைந்து. அதற்கு முந்தைய வேலைநாள் பதினான்கு. பதினேழு வேலைநாட்களாக, அவள் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு, யாரோ நாளுக்கு ஒரு தாளாகத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு கோட்டையும் மாற்றவில்லை.

"வேவு பார்த்திருக்காங்களா?" என்றாள் பென்சில்.

"கிளம்பு. வீட்டைப் பார்க்கணும்."

மணி 9.52. இரண்டாவது மாடியில் சின்ன வீடு. கதவைத் திறந்த அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மேஜையில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்து ஒரு நோட்டில், '9.52. மகள் வந்தாள். உடன் ஒருவர்' என்று எழுதினார். முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் சிக்னல் கேபினில் இருந்து வண்டிகளுக்குத் தடம் மாற்றிவிட்டவர். ஓய்வு பெற்ற பின்னும் வருவதையும் போவதையும் எழுதிவைக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை. மனைவி போன பிறகு இரண்டு வருடமாக மகளோடு இருக்கிறார்.

"பூட்டு உடைஞ்சிருந்ததா ஐயா?"

"இல்லையே."

"காலைல யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலை."

"கம்ப்யூட்டரை யாராவது தொட்டாங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பென்சில் கணினியின் பொத்தானை அழுத்தினாள். உயிர் வரவில்லை. பின்னால் எட்டிப் பார்த்தவள் திகைத்தாள். "அக்கா, கரன்ட் வயரைக் காணோம்!"

கணினி இருந்தது, திரை இருந்தது, பக்கத்தில் அவளுடைய புது ஹெட்போன்கூட இருந்தது. இருநூறு ரூபாய் பெறாத வயர் மட்டும் இல்லை.

அதே மாதிரி வயர் ஒன்று அக்காவின் கைப்பையில் எப்போதும் இருக்கும். எடுத்துச் செருகினால் அரை நிமிடத்தில் எல்லாம் வெளிச்சமாகிவிடும். ஆனால் அக்கா பையைத் திறக்கவில்லை. "தொண்டை வறண்டு போச்சு, கொஞ்சம் டீ போடேன்," என்று பென்சிலைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, பெரியவரின் எதிரில் உட்கார்ந்தார்.

"ஐயா, திருட வந்தவன் வயரை மட்டும் எடுத்துட்டுப் போக மாட்டான். கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாதுன்னு நினைக்கறவங்கதான் வயரை எடுத்து வெப்பாங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"படத்தை அழிச்சிருந்தா அந்த அளவுக்குக் காலியிடம் கூடியிருக்கணும். கூடலை. நேத்தும் நூத்திப்பதினெட்டு, இன்னிக்கும் நூத்திப்பதினெட்டு. அப்போ படம் இந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை. உள்ளேயே இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். இன்னொண்ணு. வேவு பார்க்கறவன் ஒரே நாள்ல முப்பத்தாறையும் சுருட்டிட்டுப் போவான். நாளுக்கு ஒரு தாள்னு பதினேழு நாள் பொறுமையா பார்க்கறவங்க, ஆசையா பார்க்கறவங்களாத்தான் இருக்கணும்."

பெரியவரின் கை நோட்டின் மேல் போய்த் தங்கியது.

"இதெல்லாம் சரி, ஏன் எடுத்தாங்கங்கறதுதான் எனக்குப் பிடிபடலை. இந்த நோட்டைப் பார்த்ததும் புரிஞ்சுது. 7.34க்கு நீங்க பதினேழாம் தாளைத் திறந்தீங்க. 7.35க்கு எங்க முதலாளியும் அதையே திறந்தார். உடனே உங்க திரைல ஒரு வரி வந்திருக்கும், 'இந்தக் கோப்பை இன்னொருவரும் திறந்திருக்கிறார்'னு. எங்களுக்கு அது தினம் பத்து தடவை வர்ற வரி. சட்டையே பண்ண மாட்டோம். ஆனா முப்பத்தொரு வருஷம் ஒத்தைத் தண்டவாளத்துக்குக் காவல் இருந்தவருக்கு…"

"ஒரே தடத்துல ரெண்டு வண்டிம்மா," என்றார் அவர். "அந்த நேரத்துல யோசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. ஒண்ணைப் பக்கத்துத் தடத்துக்குத் தள்ளிடணும். அவ நாலு மாசமா தூக்கமில்லாம வரைஞ்சது, மோதிடப் போகுதேன்னு இழுத்து வெளியே விட்டுட்டேன். அழிக்கலைம்மா. சத்தியமா அழிக்கலை. திரையிலயே ஓரமா வெச்சிருக்கேன்."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். '7.36. எதிர் வண்டி. தடம் காலி செய்யப்பட்டது. எல்லாம் பத்திரம்' என்று மணிமணியான கையெழுத்தில் இருந்தது.

"அப்போவே அவளுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே ஐயா?"

"கம்ப்யூட்டரைத் தொட மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன். சாயங்காலம் அவ வந்ததும் பக்குவமா சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவ வேலைக்கே உலை வெச்சுட்டேனா?"

சமையலறை வாசலில் டீ டம்ளர்களோடு பென்சில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவள் திட்டப்போகிறாள் என்று அக்கா நினைத்தார். அவள் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, "வயர் எங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவர் அலமாரியில் துவைத்த துணிக்கு அடியிலிருந்து, அழகாகச் சுருட்டி நூல் கட்டிய வயரை எடுத்துக் கொடுத்தார்.

மணி 10.24. ஃபோல்டர் சொன்ன இடத்தில் சமர்த்தாக இருந்தது. முப்பத்தாறு தாள்கள், ஒன்றும் குறையவில்லை. அக்கா முதலாளிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். திருப்பி வைக்கப் பென்சில் மவுஸைத் தொட்டபோது அப்பா அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். "அந்தப் பக்கம் கேட்காம வண்டியை விடக்கூடாதும்மா."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் கொடுத்தார்.

"வணக்கம் சார். உங்க பக்கம் ஏதாவது தாள் திறந்திருக்கா?"

"பதினேழு திறந்திருக்கு," என்றது முதலாளியின் குரல்.

"மூடிடுங்க. மூடிட்டு, லைன் கிளியர்னு வாயால சொல்லுங்க."

மறுமுனையில் மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. மூக்குக்கு மேல் கோபம் வரும் மனிதர், என்ன சொல்லப்போகிறாரோ என்று அக்காவுக்குத் திக்கென்றது.

"லைன் கிளியர், ஐயா," என்றார் முதலாளி.

10.31க்கு முதல் தாள் புறப்பட்டது. பென்சிலின் வீட்டு இணையம் ஆமை வேகம். பாதி தாள்கள் போயிருந்தபோது முதலாளி மறுபடியும் கூப்பிட்டார். "பெரியவர் தெரியாம பண்ணினது, சரி. நம்ம ஆபீஸ்ல யாரு தப்பு இது? எனக்கு ஒரு பெயர் வேணும்."

"என் பெயரை எழுதிக்கோங்க," என்றார் வயர் அக்கா.

"அக்கா, விளையாடாதீங்க."

"விளையாடலை. மூணு வருஷம் முன்னாடி இந்தக் கம்ப்யூட்டரை மாட்ட நான்தான் வந்தேன். ஊர்லேருந்து மகளைப் பார்க்க வந்திருந்தவர் பக்கத்துல நின்னு, இது எப்படிம்மா போகுது வருதுன்னு கேட்டார். உங்களுக்குப் புரியாது, நீங்க இதைத் தொட மாட்டேன்னு எனக்கு வாக்குக் கொடுங்கன்னு சொல்லிட்டுப் போனேன். ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து விளக்கியிருந்தா, இந்தப் பக்கம் எடுத்தா அந்தப் பக்கமும் போகும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். திருட்டுத்தனமா பார்க்கவும் வேண்டியிருக்காது. பட்டியல்ல எல்லாம் எழுதியிருந்தது, நான் பண்ணினது மட்டும் எழுதலை."

முதலாளி, "அவங்ககிட்ட போனைக் கொடுங்க," என்றார். பென்சில் வாங்கிக் கேட்டாள். "பரவாயில்லை சார்," என்றாள். "வர்றேன் சார், நாளைக்கு வர்றேன்," என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் கண் நிறைந்திருந்தது.

மணி 11.28. முப்பத்தாறாம் தாளும் போய்ச் சேர்ந்தது. அப்பா அதையும் நோட்டில் ஏற்றினார்.

"ஏம்ப்பா, பார்க்கணும்னா என்னைக் கேட்டிருக்கலாமே? நானே காட்டியிருப்பேனே."

"நீ வரும்போதே களைச்சுப் போய் வர்றே. வந்ததும் அதுக்குள்ளேயே தலையைக் கொடுத்துடறே. அப்படி என்னதான் வரையறா என் பொண்ணுன்னு பார்க்கணும்னு தோணிச்சு." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு மட்டும் புரியலைம்மா. எல்லாக் கட்டில் பக்கத்துலயும் ஒரு சின்னக் கட்டம் போட்டிருக்கியே, அது என்ன?"

"நாற்காலிப்பா."

"நோயாளி படுத்துத்தானே இருப்பாங்க?"

"கூட இருக்கறவங்களுக்கு." பென்சில் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அந்தக் குழு முதல்ல வேண்டாம்னுதான் சொன்னாங்க. இடம் அடைக்கும்னாங்க. ஒரு கட்டிலுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்னு சண்டை போட்டு வாங்கினேன். அம்மா ஆஸ்பத்திரில இருந்த பதினொரு நாளும் நீங்க நின்னுக்கிட்டே இருந்தீங்களேப்பா."

அப்பா பேனாவை மூடினார். திறந்தார். நோட்டில் எழுத ஒன்றும் இல்லாமல் மறுபடியும் மூடினார். வயர் அக்கா ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு, சுட வைக்கப் போவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போய்விட்டார்.